மூன்றாவது வால்

ஒரு காட்டில், பாறை தாண்டி ஓடும் ஓடையில், மழை நின்ற மறுநாள் அயிரை மீனின் முட்டைகள் களவு போயின. அது முதல் குற்றம். அதற்கு அடுத்த நாள் நத்தையின் முட்டைகள் போயின. அது இரண்டாவது. மூன்றாவது நாள் தவளையின் முட்டைகளில் பாதி போனது.

மூன்றையும் நத்தை வரிசையாகப் பாசிக்கல்லில் எழுதியது. பாசியைத் தின்று தின்றே எழுத்தாக்கும் நத்தை அது. குற்றவாளி பிடிபட்டால் அவன் பெயரை எல்லோர் முன்னும் உரக்கப் படிக்கும். பெயர் படிக்கப்பட்டவன் ஓடும் நீரில் இருக்கக் கூடாது. கரையோரக் குட்டைக்குப் போய்விட வேண்டும். இதுதான் ஓடையின் சட்டம்.

அந்தச் சட்டத்துக்காகப் பல மழைக்காலம் போராடியவன் கருங்கொடுக்கன் என்ற நண்டு. பேச்சில் அவனை யாரும் வென்றதில்லை.

திருடனைத் தூரத்திலிருந்து பார்த்த தவளை அடையாளம் சொன்னது: பழுப்பு நிறம், ஆறு கால், பின்னால் இரண்டு வால். "அப்படியானால் அது கல்பூச்சிக் குஞ்சு. ஒருநாள்பூச்சிக் குஞ்சும் கல்லுக்கடியில் அதைப் போலவேதான் இருக்கும், ஆனால் அதற்கு மூன்று வால்" என்றான் நண்டு. உடனே கல்கல்லாகப் புரட்டினான். ஒரு கல்லின் அடியில் தட்டையன் என்ற குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுக்கால் கவ்வி இழுத்தான். வெளியே வந்தபோது இரண்டு வால் ஆடியது.

கூட்டம் கூடியது. தட்டையனின் முதுகில் இறக்கை மூடிகள் கறுத்துவிட்டிருந்தன. மறுநாள் தோல் உரித்துப் பறக்க வேண்டியவன். பறந்தால் ஒரே ஒரு நாள் வாழ்வு.

தவளைக்குச் சந்தேகம் வந்தது. வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள் இருக்கிறதே, கல்பூச்சிக்கு அங்கே கிடையாதே என்று கேட்டது. காலுக்கு ஒரே நகம்தான் இருக்கிறது, கல்பூச்சிக்கு இரண்டல்லவா என்றும் கேட்டது.

"தவளையக்கா, செவுளை எண்ணி, நகத்தை எண்ணி, நீதி எப்போது கிடைக்கும்? வால் இரண்டு. அது போதும்" என்றான் நண்டு. கூட்டம் சிரித்தது.

"அண்ணா, எனக்கு மூன்று வால் இருந்தது" என்றான் தட்டையன். "நீங்கள் இழுத்தபோது..."

"திருடனுக்கு வால் போனால் அதற்கும் நான்தான் காரணமா?"

மறுபடி சிரிப்பு. குழந்தைகளே, கைதட்டலுக்குப் பழகிய காது மெல்லிய குரலைக் கேட்காது. பெயர் படிக்கப்பட்டது. தட்டையன் குட்டையில் தள்ளப்பட்டான்.

மறுநாள் தவளையின் மீதி முட்டைகளும் போயின; நத்தை அதை மூன்றாவது குற்றத்தோடு சேர்த்து எழுதியது. நண்டே திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தான். இரண்டு வால். பக்கங்களில் செவுள் இல்லை. ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம். உண்மையான கல்பூச்சிக் குஞ்சு.

அப்போதுதான் தன் கொடுக்கின் பல்லிடுக்கில் ஏதோ உறுத்துவதை உணர்ந்தான். எடுத்துப் பார்த்தான். மெல்லிய, மயிரடர்ந்த ஒரு வால்.

யாரும் பார்க்கவில்லை. நீரில் விட்டால் போய்விடும். அவன் விடவில்லை. குட்டைக்கு ஓடினான்.

ஓட்டமின்றி வெயிலில் சூடேறிய நீரில் மூச்சுமுட்டி, தட்டையன் அசையாமல் கிடந்தான். முதுகுத் தோல் பிளந்திருந்தது. இறக்கையின் நுனி மட்டும் வெளியே வந்திருந்தது.

நண்டு கூட்டத்தைத் தானே கூட்டினான். வாலைப் பாசிக்கல்லின் மேல் வைத்தான். நாலாவது குற்றத்தைச் சொன்னான். அன்று அவன் பேசியது இரண்டே வரி.

தெரியாமல் நடந்ததுதானே, பெயர் வேண்டாமே என்றது நத்தை.

"தட்டையன் சொன்னான். நான் கேட்கவில்லை. எழுது" என்றான் நண்டு. "எழுதியதைச் சத்தமாகப் படி."

அயிரையும் தவளையும் தலை குனிந்து நின்றன. அன்று அயிரை சிரித்தது, தவளை தன் கேள்வியைப் பாதியில் விட்டது. நத்தை படித்தது: "நாலாவது குற்றம். குற்றமற்ற தட்டையனின் வாலை ஒடித்து, அந்த ஊனத்தையே சாட்சியாக்கி, அவனைக் குட்டையில் தள்ளிக் கொன்றது. செய்தவன் பெயர், கருங்கொடுக்கன்."

நீதி: நம் கை செய்த காயத்தையே பிறர் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது.