அதிகாரி நாற்காலி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சிஷ்யன் என்றால் மீசை முளைக்காத பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். இங்கே குருவுக்கு நாற்பது வயது. பெயர் பிலோமினா. சிஷ்யர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது.

ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து நகரத்துக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட ஜனங்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அங்கே இளம்பிள்ளைகளுக்காக ‘தோள்’ என்று ஒரு சின்ன அமைப்பை பிலோமினா நடத்திவந்தார். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் காலமெல்லாம் நாற்காலி தேய்த்து ஓய்வுபெற்ற தணிகாசலம், வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் பாட்டு வாங்குவதைவிட நாலு பேருக்கு உபயோகமாக இருக்கலாமே என்று அங்கே வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பிலோமினாவை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கேலிக்கு இல்லை, மனசாரத்தான்.

தோளில் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேசையும் நாற்காலியும் போடுவார்கள். தணிகாசலம் அதிகாரியாக உட்கார்வார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, தெருவிளக்கு எரியவில்லை, தண்ணி லாரி வரவில்லை என்று குறை சொல்ல வேண்டும். அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார். “மனுவக் குடுத்துட்டுப் போ, பாக்கலாம்” என்பார். “அந்த சீட்ல இருக்கற கிளார்க் லீவு” என்பார். பிள்ளைகள் பதறாமல் நிற்க வேண்டும். ஒரு முடிவு வாங்காமல் நகரக் கூடாது. அதுதான் பயிற்சி.

தணிகாசலம் இதில் கில்லாடி. அவர் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளையாவது அவரை மடக்கிவிட்டால் முதலில் கை தட்டுவதும் அவர்தான்.

பயிற்சியில் எல்லாரையும்விட வெளுத்து வாங்கியது மோனிஷா. பிளஸ் டூ படிக்கிற பெண், பெண்கள் கபடிக் குழுவுக்கு கேப்டன். ஆனால் நிஜமாகவே தண்ணிப் பிரச்சினைக்காக வார்டு ஆபீஸுக்குப் போனபோது, அதே மோனிஷா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு ஊமையாக நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். கூடப் போயிருந்த தணிகாசலம் நேரே பிலோமினாவிடம் போய் நின்றார்.

“இவங்க எப்ப டீச்சர் நெஜமாப் பேசுவாங்க?”

“பேசுவாங்க சார்.”

“அதான் எப்ப?”

“டீ ஆறுது, குடிங்க.”

இப்படிச் சொன்னால் எந்த மனுஷனுக்குத்தான் பொறுமை இருக்கும்? பேச்செல்லாம் போதும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தணிகாசலம் இறங்கினார். தெரிந்தவர் மூலம் ஒரு கம்பெனியைப் பிடித்தார். பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் பயிற்சிக் கூடம் கட்டித் தருவதாகக் கம்பெனி சொன்னது. அதோடு தோளின் அடுத்த வருஷச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. தோளுக்கு அப்போது வாடகை கொடுக்கவே வழியில்லை. இது கை நழுவினால் இழுத்து மூட வேண்டியதுதான். தணிகாசலம் வெயிலில் அலைந்து திரிந்து, பிளாக்குகளுக்கு நடுவே இருந்த காலி மைதானத்தில் கட்ட அனுமதியும் வாங்கிவிட்டார். பிலோமினாவும் சரி என்றார்.

பூமி பூஜை அன்றைக்கு தணிகாசலம் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்று இஷ்ட தெய்வங்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே மைதானத்துக்கு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

கட்டடத்துக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தில் கபடிக் குழுப் பெண்கள் மொத்தப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மோனிஷா. கொத்தனார் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு ஓரமாக பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது?”

“கட்ட விட மாட்டோம் சார்” என்றாள் மோனிஷா. அவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தணிகாசலம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோள் ஆபீஸுக்கு ஓடினார். பிலோமினா உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், குடி முழுகிப்போச்சு! புள்ளைங்க மைதானத்துல குந்திக்கினு எந்திரிக்க மாட்டேங்குதுங்க. கம்பெனிக்காரங்க வர்ற நேரம்!”

“பாத்தேன் சார்.”

“பாத்துட்டா பெருக்கிட்டு இருக்கீங்க? வந்து எந்திரிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“கேப்பாங்க. அதனாலதான் சொல்லல.”

தணிகாசலம் கதவைத் தட்டிக் காட்டினார். “கம்பெனிக்காரங்க திரும்பிப் போயிட்டா அடுத்த மாசம் இந்தக் கதவத் தொறக்க முடியுமா?”

“முடியாது.” பிலோமினா துடைப்பத்தை மூலையில் வைத்தார். “இந்தப் புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டமா சார்?”

“நல்லதுதான பண்றோம்? இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நானும் கேக்கல.” பிலோமினாவின் முகம் வாடியிருந்தது. “அந்த மேசைய ஒரு பக்கம் புடிங்க.”

“எதுக்கு?”

“புடிங்க சார்.”

ஆளுக்கு ஒரு பக்கமாக மேசையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்களுக்கு எதிரே போட்டார்கள். பிலோமினா திரும்பிப் போய் நாற்காலியையும் எடுத்துவந்து வைத்தார்.

“உக்காருங்க சார்.”

“நானா?”

“இடம் பாத்தது நீங்க, அனுமதி வாங்குனது நீங்க. வேற யாரு உக்காருவா?”

தணிகாசலம் உட்கார்ந்தார். எத்தனையோ சனிக்கிழமை உட்கார்ந்த நாற்காலிதான். அன்றைக்கு மட்டும் முள்ளாகக் குத்தியது. மாடி வராந்தாக்களில் ஜனம் கூடிவிட்டது. மோனிஷா எழுந்து முன்னால் வந்தாள். மற்றவர்கள் பின்னால் எழுந்து நின்றார்கள். துப்பட்டா நுனிக்குப் போன கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சார்... இந்த கிரவுண்டு எங்களுக்கு வேணும்.”

“மனுவக் குடுத்துட்டுப் போ, பாக்கலாம்.”

வாயில் வந்துவிட்டது. அவர் நினைத்துச் சொல்லவில்லை. அடப்பாவி, என்ன சொன்னோம் என்று அவருக்கே பகீர் என்றது. யாரும் சிரிக்கவில்லை.

“மனு இல்ல சார். வாயாலயே சொல்றேன்.”

“உங்களுக்கு வேற கிரவுண்டு ஏற்பாடு பண்ணியிருக்கேனேம்மா, மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட? இதவிடப் பெருசு.”

“அது ஒயின்ஷாப்பத் தாண்டி இருக்கு சார்.”

அவர் அதைக் கவனித்திருந்தார். ஆனால் யோசித்திருக்கவில்லை.

“இங்கன்னா மாடியிலேருந்து அம்மா பாத்துக்கினே சமைப்பாங்க” என்றாள் மோனிஷா. குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் நிற்கவில்லை. “கண்ணுக்கு முன்னாடி ஆடுறோம்னுதான் எங்கள வெளிய விடுறாங்க. அந்தாண்ட போய் ஆடுன்னா எங்க அப்பா ஷூவத் தூக்கிப் பரண்மேல போட்டுடுவாரு. இவங்க வீட்லயும் அதான். டீமே இருக்காது சார்.”

“கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா நாளைக்கு ஒரு வேலை கெடைக்கும்ல?”

“வேணாம்னு சொல்லலியே. ஏழாவது பிளாக்ல பழைய ரேஷன் கடை பூட்டியே கெடக்குது. அங்க வைங்க, கத்துக்குறோம்.”

“அதுக்கு அவங்க ஒத்துக்கணுமேம்மா. புதுசா ஒரு கட்டடம் கட்டி, பேர் போடணும்னு நெனைக்கிறாங்க.”

“அப்ப அது யாருக்கு சார்?”

முப்பது வருஷ உத்தியோகத்தில் கற்றுக்கொண்ட அத்தனை சால்ஜாப்பும் தொண்டை வரை வந்து நின்றன. ஒன்றைக்கூடச் சொல்ல அவருக்குக் கூசியது.

அந்த நேரம் பார்த்து கார் வந்து நின்றது. கம்பெனி மேலாளர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பின்னாலேயே கேமரா வைத்த ஆள்.

“என்ன சார், ஏதாவது தகராறா?”

தணிகாசலம் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார். இந்தம்மா ஒரு வார்த்தை பேசிக் காப்பாற்றக் கூடாதா என்று கெஞ்சுகிற பார்வை. பிலோமினா மோனிஷாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிவு சொல்லுங்க சார்” என்றாள் மோனிஷா. “சொல்லாம நகர மாட்டோம்.”

தணிகாசலம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னிக்கு பூஜை இல்லீங்க” என்று மேலாளரிடம் சொன்னார். “இது இவங்க ஆடுற எடம். தப்பு என்னோடது. ஏழாவது பிளாக்ல ஒரு எடம் இருக்கு, வாங்க, காட்டுறேன்.”

மேலாளர் வாட்சைப் பார்த்தார். மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வராந்தாக்களில் விசில் பறந்தது. பெண்கள் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு ஆட இறங்கினார்கள். மோனிஷா மட்டும் கொஞ்ச நேரம் தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் யாரோ கையைப் பிடித்து இழுக்க, அவளும் போய்விட்டாள்.

தணிகாசலம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இனிமே கம்பெனிக்காரங்க வர மாட்டாங்க, இல்ல டீச்சர்?”

“தெரியல சார்.”

“தோள் இருக்குமா?”

“அதுவும் தெரியல.” பிலோமினா மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்றார். பயம் அவர் குரலிலும் இருந்தது.

தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை.

“எனக்குக் கோவம்கூட இல்ல டீச்சர், மனசுதான் கேக்கல. வார்டு ஆபீஸ்ல அந்த ஆள் நாயத் தொரத்துற மாதிரி தொரத்துனான். அவன்கிட்ட இவளுக்கு ஒரு வார்த்தை வரல. வெயில்ல அலைஞ்சு இவளுக்காகவே ஓடுன என்கிட்ட மட்டும் எப்படி டீச்சர் வாய் வந்துச்சு?”

பிலோமினா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“எதுத்துப் பேசினாலும் கோவிச்சுக்காம மறுபடியும் வாம்மான்னு கூப்புடுவாருன்னு நம்பறதுக்கு, அவளுக்கு இந்த ஊர்லயே ஒரே ஒரு ஆளத்தான் சார் தெரியும்.”