புளியங்கொட்டைப் பானை

"ஜனங்கள் வரவர மக்காகிக்கொண்டே போகிறார்கள் அம்மா. என்னை அந்த வேலையிலிருந்து விட்டுவிடுங்கள்."

மாசிலாமணி இரண்டு பானைகளையும் வேலம்மையின் முன்னால் இறக்கி வைத்தார்.

சீடர் மாசிலாமணிக்கு வயது அறுபத்திரண்டு. குரு வேலம்மைக்கு நாற்பத்தாறு.

ஊசிமலைக் கோயிலுக்கு ஏறும் பாதை, இவர்கள் குடிலுக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. இடது பாதை கோயிலுக்குப் போகும். வலது பாதை நூறடி போய்ப் பாறை இடுக்கில் சரியும். பலகை நட்டுப் பார்த்தார்கள். குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய் விளையாடின. அதனால் மாசிலாமணி அங்கே உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிறார், வழி சொல்கிறார். பதினோரு வருஷமாக.

"விட்டுவிட்டு எங்கே போவீர்கள்?"

"மேலே, குகைக்கு. முட்டாள்களுக்கு வழி சொல்லியே என் தவம் கரைகிறது."

வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"முட்டாள்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

"கணக்கு இருக்கிறது. கேட்காமல் போகிறவன் புத்திசாலி. அவனுக்கு ஒரு வெள்ளைக் கூழாங்கல். வழி கேட்கிறவன் மக்கு. அவனுக்கு ஒரு புளியங்கொட்டை. முதல் வருஷம் நூற்றுக்கு ஏழு கொட்டை. இந்த வருஷம் அறுபத்தொன்று."

"பிசகில்லையே?"

"மூன்று தரம் எண்ணினேன்."

"ம்."

"பேச்சிமுத்து என்று ஒருவன், கோயிலுக்குப் பூக்கொண்டு போகிறவன். வாரம் ஒரு தரம் ஏறுகிறான். வாரம் ஒரு தரம் வழி கேட்கிறான். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா!"

வேலம்மை ஒரு முற்றிய தண்டை ஒடித்துப் போட்டார்.

"இடுக்கில் விழுந்தவர்கள் எந்தப் பானையில்?"

"வெள்ளைக் கல்லில்தான். துணிந்து போனவர்கள் அல்லவா! நான் கூப்பிட்டுச் சொன்னாலும், 'எங்களுக்குத் தெரியாதாக்கும்' என்று போனவர்கள்."

"முதல் வருஷம் எத்தனை பேரைத் தூக்கினோம்?"

"நாற்பத்தொரு பேர்."

"இந்த வருஷம்?"

மாசிலாமணி எண்ணுவதற்கு விரல்களை நீட்டினார். மடக்க ஒன்றும் இல்லை.

"தூக்குகிற கயிறு எங்கே இருக்கிறது?" என்றார் வேலம்மை.

மாசிலாமணி கதவோரத்து முளையைப் பார்த்தார். கயிறு இல்லை. முற்றத்தைப் பார்த்தார்.

இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே அது கட்டியிருந்தது. அதில் வேலம்மையின் சேலை காய்ந்தது. பக்கத்தில் அவருடைய வேட்டி. காலையில் அவரே உதறிப் போட்டது.

"அது துணிக்கொடியாகி நாலு வருஷமாயிற்று" என்றார் வேலம்மை.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா! இருக்கீங்களா?"

மாசிலாமணி இறங்கிப் போனார். பூக்கூடையோடு பேச்சிமுத்து நின்றான்.

"எந்தப் பக்கம்யா போகணும்?"

"நூறு தரம் சொல்லியாயிற்று. இடது பக்கம்."

"அது தெரியும்யா. முந்தாநாள் அடிச்ச மழையில மண்ணு சரிஞ்சு கிடக்கான்னுதான் கேக்கறேன். விடியக்காலையில நடந்து பாத்துட்டுத்தானே நீங்க இங்க வந்து உக்காருவீங்க? உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

"சரியவில்லை. மூன்றாவது வளைவில் மட்டும் வழுக்கும்."

"அதைச் சொல்லுங்க!"

அவன் இடது பக்கம் திரும்பினான். பின்னால் வந்த ஒன்பது பேர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூக்கூடை திரும்பிய பக்கமே திரும்பினார்கள். மூன்றாவது வளைவில் பேச்சிமுத்து நின்று கை நீட்ட, ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

பத்துப் பேர். மாசிலாமணி எண்ணினார். பத்துப் பேரும் கண்ணுக்கு மறைகிறவரைக்கும், தன் வீட்டுப் பிள்ளைகள் பரிசு வாங்க மேடை ஏறுவதைப் பார்க்கிறவர்போல நிமிர்ந்து நின்றார்.

திரும்பி வந்து வெள்ளைக் கல் பானைக்குள் கையை விட்டார். அடியில் ஒரு பெரிய கல் கிடந்தது. வருஷா வருஷம் பானையைக் காலி செய்வார். அந்த ஒரு கல்லை மட்டும் எடுக்க மாட்டார்.

அது அவருடைய கல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரையும் கேட்காமல் வலது பக்கம் போனவர் அவர். வேலம்மை கயிறு போட்டுத் தூக்கினார். அன்றைக்குத் தங்கியவர்தான். அன்றுமுதல் இன்றுவரை குருவிடம்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

"குகைக்கு எப்போது?" என்றார் வேலம்மை.

மாசிலாமணி அந்தக் கல்லை வெளியே எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை எந்தப் பானையில் போடட்டும் அம்மா?"

வேலம்மை கீரையைத் தள்ளி வைத்தார். மற்ற பானையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து, துடைத்து, அவர் கையில் வைத்தார்.