அரசன் உண்ட மணி

முன்னொரு காலத்தில், குன்றுகளுக்கு நடுவே மாங்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசன் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அரசன் கடுங்கோவன் வைத்த சட்டம் அது. சட்டம் மட்டும் போதாதென்று ஒரு மந்திரவாதியைப் பிடித்து வெண்கல மணி ஒன்றும் செய்துகொண்டான். முடிசூடி அரியணையில் இருப்பவன் முதல் கவளத்தை விழுங்கியதும் மணி தானாக அடிக்கும். அதுவரை நாட்டில் எந்தச் சட்டிக்கும் மூடி திறக்காது. மரத்துப் பழம்கூடக் காம்பை விட்டு வராது. மணி அடித்தால்தான் சோறு.

அரண்மனைச் சட்டி மட்டும் திறக்கும். அதில் முதல் வாய் மருதாயிக்கு. நஞ்சு இருக்கிறதா என்று உண்டு பார்ப்பது அவள் வேலை. அவள் பிழைத்தால் அரசன் உண்பான்.

ஒரு நாள் காலையில் கடுங்கோவன் இறந்துபோனான். பிள்ளை இல்லை. தனக்குப் பின் யார் என்று அவன் சொன்னதும் இல்லை. கேட்டவன் தலை தப்பியதும் இல்லை. ஊர் அழவில்லை, சிரிக்கவில்லை. மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் நாள் தளபதி முடிசூடி அமர்ந்தார். மருதாயி உண்டு காட்டினாள். தளபதி கவளத்தை எடுத்தார், முகர்ந்தார். "சமையல்காரன் அமைச்சரின் ஆள்தானே?" என்று கீழே வைத்தார். மணி அடிக்கவில்லை.

மறுநாள் அமைச்சர். "தளபதி வீட்டு நெய் மாதிரி இருக்கிறதே." மணி அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அரசனின் மைத்துனர். "விஷம் பார்த்துப் பார்த்து இவளுக்கு விஷம் பழகியிருக்கும். இவள் சாகாததை வைத்து என்ன முடிவுக்கு வருவது?" மணி அடிக்கவில்லை.

மூவரும் முடியை அரியணையில் போட்டுவிட்டு முற்றத்தில் சண்டை பிடித்தார்கள்.

மருதாயியின் வயிற்றில் மூன்று வாய்ச் சோறாவது இருந்தது. வீட்டில் அவள் மகள் சிட்டாள் சுருண்டு கிடந்தாள். ஒரு பிடியை மடியில் முடிந்துகொண்டு மருதாயி ஓடினாள். அரண்மனை வாசலைத் தாண்டியதும் அது சாம்பலாயிற்று. மந்திரவாதி அதையும் யோசித்து வைத்திருந்தான்.

தெரு நெடுக ஆட்கள் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். மருதாயியின் கால் தயங்கியது. அந்த அரசனை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது என் நாக்குதானே? வேலை என்று நினைத்தேன். வெறும் வேலைதானா? வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பினாள்.

"பிள்ளையை உள்ளே விடக்கூடாதுக்கா," என்றான் வாசற்காவலன்.

"பசிக்குதுப்பா அதுக்கு."

"எனக்கும்தான் பசிக்குது." குழந்தையின் முகத்தைப் பார்த்தவன் ஈட்டியை நகர்த்தினான். "போ. நான் கண்ணை மூடிக்கிறேன். திறந்து வைக்கவும் தெம்பில்ல."

மண்டபத்தில் இருந்தது ஒரே இருக்கை.

"இது யாரு நாற்காலிம்மா?"

"இப்போ யாருதும் இல்ல. உட்காரு."

சிட்டாள் அங்கே கிடந்த முடியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டாள். அது மூக்குவரை இறங்கியது.

"கண்ணு தெரியலம்மா."

"வாய் தெரியுதுல்ல? ஆ காட்டு." மருதாயி அரண்மனைச் சட்டியிலிருந்து ஒரு கவளம் எடுத்து நீட்டினாள்.

சிட்டாள் முகர்ந்து பார்க்கவில்லை. யார் சமைத்தது, யார் வீட்டு நெய் என்று கேட்கவில்லை. அம்மா கை. விழுங்கினாள்.

மணி அடித்தது.

நாடு முழுக்க மூடிகள் திறந்த ஓசை கேட்டது. மூவரும் ஓடிவந்தார்கள். தளபதி வாளை இழுத்தார், வரவில்லை. மணி யாருக்கு அடித்ததோ அவருக்கு எதிராக எந்த வாளும் உறையை விட்டு வராது; அதுவும் அந்த மந்திரத்தில் ஒன்று. மூவரும் மண்டியிட்டார்கள்.

"ஏம்மா மணி அடிச்சுது?"

"நீ சாப்பிட்டேன்னு ஊருக்குச் சொல்லுது. இனி எல்லாரும் சாப்பிடலாம்."

"நான் சாப்பிடலேன்னா?"

"யாரும் சாப்பிட முடியாது."

சிட்டாள் முடியைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்காக யாரும் காத்திருக்க வேணாம். பசிச்சவங்க சாப்பிடட்டும்."

சொன்னது குழந்தைதான். ஆனாலும் அது அரச கட்டளை. மணி நடுவில் விரிசல் விட்டு இரண்டாய்ப் பிளந்து, மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த குளத்தில் விழுந்தது. மந்திரமும் அதோடு போயிற்று.

"கனக்குதும்மா," என்று சிட்டாள் முடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அப்படியானால் யார்தான் அரசன்?" என்றார் மைத்துனர்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்றான் காவலன், வாய் நிறையச் சோற்றோடு.

அப்படியே பேசினார்கள். ஊர் கூடி, வயிறு நிறைந்து, அவசரமில்லாமல் நெடுநாள் பேசினார்கள். அந்த நாட்களில் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

மருதாயி அன்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் உண்டாள். குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு. இத்தனை காலத்தில் அவள் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை.