ஐந்தாவது விளக்கு

பெட்ரோல் பங்க் முதலாளி நல்லபெருமாளின் பழைய பைக்கில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. வண்டியை எலக்ட்ரீஷியன் சகாயமேரியின் கடைக்கு உருட்டி வந்தார்.

“லிட்டருக்கு ஒரு எல்.இ.டி. எரியணும். ஒரு சொட்டு பிசகினாலும் கடையைக் காலி பண்ணிரு. கட்டடம் என்னோடது.”

மேரி சர்க்யூட் செய்து மாட்டினாள். அளவு கேனால் லிட்டர் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு விளக்காகச் சரிபார்த்தாள். பிறகு டேங்கை வடித்துவிட்டு வண்டியைக் கொடுத்தாள்.

நாலு பேர் பார்க்கச் சோதிக்க வேண்டுமென்று முதலாளி அவளைத் தன் பெட்ரோல் பங்க்குக்கே கூட்டிப் போனார். ஐந்து லிட்டர் போட்டார்கள். நாலு விளக்குதான் எரிந்தது. பம்புக்கு முதலாளி யாரென்று தெரியாது.

“பாத்தீங்களாய்யா! அஞ்சு ஊத்தினா நாலு காட்டுது. ஏம்மா, இதுக்கு என்ன சொல்ற?”

“தப்பு என்னோடதுதான் முதலாளி. கேன்ல அளந்து வச்சுட்டேன். உங்க பங்க் லிட்டருக்குத் தனியா வச்சிருக்கணும். இப்பவே மாத்தித் தரேன்.”

வரிசையில் முதலில் நின்ற பால்காரர், திறந்திருந்த தன் வண்டியின் டேங்க் மூடியைத் திருகி மூடினார்.

“என் வண்டிக்கும் ஒண்ணு மாட்டிக் குடும்மா. கேன் அளவே போதும்.”