வெண்ணாம்பட்டுக் கிணற்றின் சாம்பிள்

திண்டிவனத்துக்குத் தெற்கே வெண்ணாம்பட்டு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். அதுதான் தொல்லை.

ஒரு சித்திரை மாதம் சுகாதார ஆய்வாளர் வந்து ஊரின் ஒரே கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு பாட்டிலைக் கொடுத்து, திண்டிவனம் சோதனைக்கூடத்துக்குச் சாம்பிள் கொண்டுவரச் சொன்னார். முடிவு வரும்வரை ஊரில் யாரும் இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து பெண்கள் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊரில் தண்ணீர் பிடித்தார்கள். எனக்கே பாவமாக இருந்தது.

சாம்பிள் என்றால் என்னவென்று தலைவர் கலியமூர்த்திக்குத் தெரியும். ஆனால் சர்க்கார் காரியத்தைத் தெரிந்ததை வைத்துச் செய்யலாமா? தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலத்திடம் அகராதி இருந்தது. கூட்டம் போட்டு அவரைப் படிக்கச் சொன்னார்கள்.

பொருள்: முழுதும் எப்படி இருக்கிறது என்று காட்டும் சிறு பகுதி. எல்லோரும் ஒப்புக்கொண்டு பாட்டிலை நிரப்பினார்கள்.

பிறப்பு: பிரெஞ்சு. அப்படியானால் பாண்டிச்சேரி வழியாகக் கொண்டுபோவதே மரியாதை என்று முடிவாயிற்று. பாண்டிச்சேரி எதிர்த்திசையில் இருந்தது.

உபயோகம்: 'வியாபாரி எல்லோருக்கும் சாம்பிள் கொடுத்தார்.' ஆகவே தலைவரும் தணிகாசலமும் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு மூடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே போனார்கள். கண்டக்டர் இன்னொரு மூடி கேட்டு வாங்கினார். குடித்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை இவர்கள் கவனிக்கவும் இல்லை.

சோதனைக்கூடத்துக்காரர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். அவர் ஓய்வு பெற நாலு நாள்தான் இருந்தது, யாரோடும் வாதாட மனமில்லை. 'தண்ணீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தைப் படித்ததும் ஊரே அழுதது. சாம்பிள் எப்படியோ அப்படித்தானே முழுதும்? கிணறு வற்றிவிட்டது.

ஒருமுறை எட்டிப் பார்க்கலாமே என்றார் தணிகாசலம்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காருய்யா," என்றார் தலைவர். "அதுக்கப்புறம் எட்டிப் பாத்தா மனுசன நம்பலன்னு ஆயிடும்."

கிணற்றை ஆழப்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஊரிலேயே பலசாலியான ஏகாம்பரம், கடப்பாரையும் கையுமாகக் குதித்தான். தொபுக்கடீர் என்று சத்தம் கேட்டது. கடப்பாரை அடிக்குப் போனது. ஏகாம்பரம் மட்டும் மேலே வந்து, கையையும் காலையும் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான்.

தலைவர் குனிந்து பார்த்தார். அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஏண்டா ஏகாம்பரம், ஊரே தண்ணியில்லாம தவிக்குது. இந்த நேரத்துல உனக்கு நீச்சல் கேக்குதா?"