மறுபக்கத்துத் தாடை

“மண்டையோட்டைக் கையில் எடுக்கும் முன்னால்…” என்று மாணவப் பருவத்தில் உடற்கூறியல் ஐயா ஒன்று சொன்னார். ‘முன்னால்’ வரைக்கும்தான் தில்லைநாயகத்துக்கு நினைவிருந்தது.

வெளிநாட்டில் பல் டாக்டராக இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஊர் திரும்பி, மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவில் எக்ஸ்ரே பார்க்கப் பழகிக்கொண்டிருந்தார் அவர். ஆசிரியை பூங்கோதை அவரைவிட இளையவர்.

“மேடம், இதைப் பாருங்க. இடது தாடையில வெள்ளையா ஏதோ படர்ந்திருக்கு. நாளைக்குக் கீறிப் பார்த்துடலாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சிலுவையம்மாள்னு பேரு. மீன் ஏலம் விடுறவங்க. ‘வாயக் கீறிட்டா நான் எப்படிய்யா கூவுவேன்’னு அழுறாங்க.”

“உங்ககிட்ட பேசும்போது தலையை எப்படி வச்சிருந்தாங்க?”

“கவனிக்கல மேடம். நான் படத்தைப் பார்த்துட்டு இருந்தேன்.”

பூங்கோதை அலமாரியைத் திறந்தார். உள்ளே மாணவர்களுக்கான மண்டையோடு. கீழ்த்தாடை நடுவில் அறுக்கப்பட்டு, இரண்டு பாதியாகக் கழற்ற வரும்.

அதைத் தொடும் முன் கைகூப்பி நின்றார்.

பிறகு எக்ஸ்ரே இயந்திரத்தில் அதைப் பொருத்தி, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிவைத்தார். இயந்திரம் மண்டையோட்டைச் சுற்றி வந்தது.

திரையில், இடது தாடையில், அதே வெள்ளைப் படலம்.

“இதையும் கீறிடலாமா?” என்றார் பூங்கோதை.

தில்லைநாயகம் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

பூங்கோதை தாடையின் வலது பாதியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுபடி படம் எடுத்தார்.

இடது தாடை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

“நீங்க எடுத்தது வலது பாதி…”

“ஆமா.”

தில்லைநாயகம் வெளியே ஓடினார். சிலுவையம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா!”

முகம் வலப்பக்கம் திரும்பியது. இடது காது முன்னால் வந்தது.

“சத்தமாச் சொல்லுங்கய்யா. வலது காது மந்தம்.”

“படம் எடுக்கும்போது அசையக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”

“என்னமோ சொன்னாவ. என்ன சொல்லுதாவன்னு கேக்கத்தான் திரும்புனேன்.”

அவளை இயந்திரத்துக்குக் கூட்டிப்போய், இந்தமுறை தில்லைநாயகமே குனிந்து, இடது காதில் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டு, அவள் தலையை நேராக வைத்தார்.

படத்தில் ஒன்றுமில்லை.

“கட்டி கிட்டி எதுவும் இல்லம்மா. நீங்க தலையைத் திருப்புனதால உங்க வலது தாடையோட நிழல்தான் இந்தப் பக்கம் விழுந்திருக்கு. கத்தி வேண்டாம்.”

அவள் தாடையைத் தடவிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“நல்லா இருப்பீய. நாளைக்கு நல்ல சீலா மீனாக் கொண்டாரேன்.”

“எனக்கு வேண்டாம்மா. மேடத்துக்குக் குடுங்க.”

“எனக்கும் வேண்டாம்,” என்ற பூங்கோதை மேசைமேல் எடுத்துவைத்திருந்த மண்டையோட்டைக் கைகாட்டினார்.

சிலுவையம்மாள் மண்டையோட்டின் முன்னால் போய் நின்றாள்.

“யாரு பெத்த புள்ளையோ,” என்றாள். “பேரு என்ன?”

“தெரியாதும்மா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளைதான்.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, ஏலத்தில் கூவும் அதே குரலில், “எக்கா, ரொம்ப நன்றிக்கா!” என்றாள்.

வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தில்லைநாயகம் கைகூப்பிவிட்டு, கழற்றி வைத்த பாதித் தாடையை எடுத்து மறுபடி பொருத்தினார்.

அன்று மாலை, இறந்தபின் தன் உடலை அந்தக் கல்லூரிக்கே கொடுத்துவிடும்படி எழுதிக்கொடுத்தார்.