நாச்சிமுத்து வீட்டுத் தண்ணீர் மணி

மந்தப்பாளையத்தில் புத்திக்குத் தட்டுப்பாடு வந்ததே கிடையாது. யாராவது செலவு பண்ணினால்தானே வர?

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்கு ஒரே கவலை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் படியிறங்கி நேரே கூடத்துக்கு வந்துவிடும். சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஈரத்திலா உட்காருவார்கள்? டவுனுக்குப் போய் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் பலகையும், தண்ணீர் பட்டால் சொல்லும் சென்சாரும், ஒரு மணியும் வாங்கி வந்தார். கடைக்காரப் பெண் மூன்று விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். உதவிக்குப் பங்காளிகள் சென்னியப்பனும் குப்பணனும் வந்தார்கள். விதி யாரை விட்டது?

முதல் விதி: பலகையில் கம்பி மாட்டும் பின் ஊசியைத் தொடுமுன் உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கவும்.

"கையை எடுத்தா மறுபடி ஏறிக்குமுங்களே?" என்றார் குப்பணன்.

நியாயமான கேள்வி. சாம்பாருக்காகக் கூடத்தில் வைத்திருந்த பித்தளை அண்டாவுக்குள் அவரையே உட்கார வைத்து, பலகையை மடியில் கொடுத்தார்கள்.

இரண்டாவது: மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பி மாட்டவும். நாச்சிமுத்து மெயின் சுவிட்சை இறக்கினார். சென்சாரைத் தொட்டி விளிம்பில் கட்டி, மணியைக் கூடத்தில் தொங்கவிட்டு, இரண்டின் கம்பிகளையும் உரிய பின்களில் மாட்டினார்கள். சரியாகத்தான் மாட்டினார்கள், சும்மா சொல்லக் கூடாது.

மூன்றாவது: எல்லாம் சரியென்று உறுதியான பிறகே மின்சாரம் கொடுக்கவும். இல்லாவிட்டால் பலகை புகைந்துவிடும்.

"சரின்னு எப்படித் தெரியும்?" என்றார் நாச்சிமுத்து.

"மணி அடிச்சாச் சரி," என்றார் சென்னியப்பன்.

"அது தொட்டி ரொம்புனாத்தானே அடிக்கும்? ரொப்ப மோட்டார் போடோணுமே?"

"மணி அடிக்காம எப்படிக் கரண்டு போடறது பங்காளி? படிச்ச புள்ள எழுதியிருக்குது."

ஆகவே கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். மதியத்துக்குள் தொட்டி நிரம்பி, சென்சார் முழுகியது. மணி மூச்சு விடவில்லை.

"இன்னும் ரொம்பல," என்றார் சென்னியப்பன். ஊற்றினார்கள். தண்ணீர் படியிறங்கியது. அப்போதும் ஊற்றினார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கூடத்தில் முழங்கால் தண்ணீர். குப்பணன் அண்டாவோடு மிதந்து வந்து, "வாங்க, வாங்க," என்றார். சம்பந்தம் போச்சு என்றே நாச்சிமுத்து நினைத்தார்.

"என்னங்க இது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"தொட்டி இன்னும் ரொம்பலீங்க. மணியே அடிக்கல பாருங்க," என்றார் நாச்சிமுத்து.

மாப்பிள்ளையின் அப்பா மணியைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நாங்க பதினெட்டுப் பேர் வந்திருக்கறோம். ஆளுக்கொரு குடம் குடுங்க சம்பந்தி."

மகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாதென்று நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.